கையில் எட்டு லட்சம், ஊரில் ஒரு கண்மாய்: எந்த வழியில் இறங்குவது?

ஊர்க்காரர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் முதல் வருஷம் பொங்கல் வாழ்த்தில் போகும், இரண்டாம் வருஷம் கோயில் கும்பாபிஷேகத்தில் போகும். மூன்றாம் வருஷம் யாராவது ஒருவர், “ஊருக்கு உருப்படியா ஏதாவது செய்யணும்ப்பா” என்று எழுதுவார். பணம் சேர ஆரம்பித்துவிடும். பணம் சேர்ந்த மறுநாளே சண்டையும் ஆரம்பித்துவிடும்.

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் குழு இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பவர்கள் ஆளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் போட்டு எட்டு லட்சம் சேர்த்துவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரில் ஆயிரத்து நானூறு பேர். கண்மாய் தூர்ந்து கிடக்கிறது, ஊரணிக்குப் படித்துறை இல்லை, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை, காலனிக்குக் குடிநீர் ஒழுங்காக வருவதில்லை. எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துச் செய்ய வேண்டும், ஜனங்களும் பங்கெடுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எந்த வழியில் என்பதில்தான் நாலு கட்சி. ஊராட்சி மூலமாகவே செய்வோம் என்று ஒரு கட்சி. அரசுப் பங்கு சேரும்படி ‘நமக்கு நாமே’ திட்டத்தில் கட்டுவோம் என்று இன்னொன்று. தொண்டு நிறுவனத்தையோ கம்பெனியையோ கூட்டி வருவோம் என்பது மூன்றாவது. “எவனும் வேணாம், நம்மளே ஹிட்டாச்சி விட்டு வெட்டிருவோம்” என்பது நான்காவது. குழுவில் லைக் அதிகம் விழுவது இதற்குத்தான்.

இந்த நாலு வழியிலும் ஏதாவது ஒரு ஊருக்காக அலைந்திருக்கிறேன். நாலும் நல்ல வழிதான், நாலிலும் பள்ளம் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

பெரும்பாலான குழுக்கள் இரண்டே இரண்டு அளவுகோலை வைத்திருக்கின்றன: சீக்கிரம் முடியுமா, கமிஷன் போகுமா. இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: முடிவெடுத்தபோது யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஊரில் வேப்பமரத்தடியில் ஊர் வரைபடம் போட்டோம். கோலப்பொடியால் தெரு, புளியங்கொட்டையால் வீடு, செங்கல் பொடியால் கண்மாய்க்கரை. ஊர்ப் பெரியவர்கள் அரை மணியில் போட்டு முடித்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்கள். ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மா வந்து, படத்தின் கிழக்கு மூலையில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு பிடி கொட்டையை எடுத்து ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு. காலனி முழுக்க விடுபட்டிருந்தது. வேண்டுமென்று விட்டதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. “அது தனிப்பா, இது ஊரு” என்றார் ஒருவர், வெகு இயல்பாக. ‘ஊர் கூடி முடிவெடுத்தது’ என்று யாராவது சொன்னால் அந்த நாற்பத்தெட்டுக் கொட்டைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இரண்டாவது, பணம் வளருமா. எட்டு லட்சம் எட்டு லட்சமாகவே செலவாகுமா, கூட இன்னொரு பணத்தை இழுத்து வருமா. மூன்றாவது காலம். நான்காவது சட்டம்: தொடப்போகும் நிலம் யாருடையது, அனுமதி யார் கையில். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: மூன்றாம் வருஷம் மடையில் அடைப்பு எடுக்கப்போவது யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்.

‘ஒருங்கிணைந்த வளர்ச்சி’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 55 இடங்களில் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டம் விவசாயம், சாலை, சுகாதாரம், கல்வி எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவருவதாகத்தான் கிளம்பியது. நாம் இன்றைக்கு ஏறி இறங்கும் பி.டி.ஓ. ஆபீஸ் (வட்டார வளர்ச்சி அலுவலகம்) அதன் மிச்சம். ஐந்து வருஷம் கழித்து, 1957இல், பல்வந்த்ராய் மேத்தா குழு போய்ப் பார்த்தது. ஜனங்கள் இதைத் தங்கள் வேலையாக நினைக்கவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்வதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு இல்லை. ஒன்றைச் செய்தால் அடுத்தது தானாக இழுத்து வரும்படி வரிசை பிடிப்பதுதான்.

நாலு வழிக்கும் பொதுவாக ஒரு முன்வேலை. கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு (நூறு ஏக்கருக்கு) மேல் இருந்தால் நீர்வளத் துறைக் கண்மாய். குறைவாக இருந்தால் யூனியன் கண்மாய், அதாவது ஊராட்சி ஒன்றியத்துடையது. (2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்துவிட்டது. ஊரில் இன்னும் ‘பி.டபிள்யூ.டி. கண்மாய்’ என்றுதான் பேச்சு.) அ-பதிவேட்டு நகலும் (நிலம் யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) கையில் இல்லாமல் எந்த ஆபீஸ் படியும் ஏறாதீர்கள். வரைபடத்தில் இருக்கும் வரத்துக்காலையும் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) தரையில் இருக்கும் வரத்துக்காலையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஊரில் யார் யார் உங்களுக்கு எதிராக நிற்பார்கள் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

## வழி 1: கிராம சபையும் ஊராட்சியும்

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாருமே சபை உறுப்பினர்கள். வேறு எந்த மேடையிலும் காலனிக்கும் ஊருக்கும் சட்டப்படி ஒரே எடை கிடையாது. முதல் அளவுகோலில் இந்த வழிக்கு ஈடு இல்லை.

ஆனால் அது காகிதத்தில். நடப்பில் பல ஊரில் பதினைந்து பேர் டீ குடித்துவிட்டுப் போக, கையெழுத்து நோட்டு அடுத்த ரெண்டு நாளில் வீடு வீடாகச் சுற்றி வரும். 501இலிருந்து 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் கோரம். அந்த நூறு பேரை உண்மையிலேயே உட்கார வைப்பதுதான் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பேன். செலவு, ஆட்டோ மைக்குக்கு ஆயிரம் ரூபாய்.

பணத்தைப் பொறுத்தவரை ஊராட்சியில் என்ன இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. காலனிக்குக் குழாய் போட நீங்கள் வசூல் பண்ணிய காசு எதற்கு? அது ஊராட்சி செய்ய வேண்டிய வேலை, அதற்கென்று வந்த பணம். கேட்க வேண்டிய இடம் கிராம சபை, கேட்க வேண்டிய நேரம் அக்டோபர் 2. 2018இலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அடுத்த வருஷத்துக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகும் காலம். அந்தப் பட்டியலில் ஏறாத வேலைக்கு மார்ச்சில் போய் மனுக் கொடுத்தால் அது மனுவாகவே இருக்கும்.

ஊராட்சி நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை இருக்கிறது. 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. அதில் 1.15 கோடி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நட்டார்கள். வருமானம் ஓடந்துறைக்கு வந்தது. அப்போதைய தலைவர் ஆர். சண்முகம் ஊராட்சிக் கணக்கைத் தன் வீட்டுக் கணக்குப் போலப் பார்த்தவர். அப்படி ஒருவர் வாய்க்கும் ஊருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால் காலம்தான். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), பில். இதற்கு நடுவில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்துவிட்டால் இன்னும் இழுக்கும். 28 மாவட்டங்களில் (சிவகங்கை உட்பட) 2025 ஜனவரி 5 உடன் பதவிக்காலம் முடிந்து, தலைவருக்குப் பதில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்கு ஊராட்சி போனது. 2016 அக்டோபருக்குப் பிறகும் மூன்று வருஷத்துக்கு மேல் அதே கதைதான். தனி அலுவலருக்குக் கையில் பல ஊராட்சி. உங்கள் ஊர் ஊரணி அவருக்கு ஒரு ஃபைல்.

இன்னொன்று, நூறு நாள் வேலையில் கண்மாயைத் தோண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2005 சட்டத்தின் கீழ் அதில் ஆளைக் குறைக்கும் எந்திரம் கூடாது, ஒப்பந்தக்காரர் கூடாது, பொருட்செலவு நாற்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். கூலி கொடுப்பதற்கென்றே வந்த சட்டம், அப்படித்தான் இருக்கும். வரத்துக்கால் சுத்தம் பண்ண, கரையில் மண் அணைக்க, மரம் வைக்க அது பொருத்தம். கடப்பாரை இறங்காத அடித்தரையை அது வெட்டாது.

## வழி 2: ‘நமக்கு நாமே’

1997-98இல் வந்த திட்டம். நடுவில் பெயர் மாறி ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆகி, 2021-22இல் பழைய பெயரோடே திரும்பி வந்தது. கரு எளியது: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். நீர்நிலை, பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர், நூலகம், சாலை எல்லாம் எடுக்கலாம். கோயில், சர்ச், பள்ளிவாசல் வேலை கூடாது.

பணம் வளருமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. எட்டு லட்சத்தையும் கட்டினால் 24 லட்சத்துக்கு வேலை. பாதிக்குப் பாதி கட்டினால் 16 லட்சம்தான். ஆனால் அப்போது வேலையை நீங்களே செய்யலாம், அல்லது நீங்கள் காட்டும் ஆளை வைத்துச் செய்யலாம். பாதிக்குக் குறைந்தால் டெண்டர். “கமிஷன் போகும்” என்று பயப்படுகிறவர்கள் இந்த 50 சதவீத வாசலைத்தான் பிடிக்க வேண்டும். நடப்பு ஆணையை மட்டும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் ஒருமுறை கேட்டுப் படித்துவிடுங்கள், நிபந்தனைகளை அவ்வப்போது திருத்துவார்கள்.

உள்குத்துகள் மூன்று. உங்கள் பங்கு முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அனுமதி வரும்வரை அது அங்கேதான் கிடக்கும். அந்த இடைவெளியில் குழுவில் தினமும் “நம்ம காசு என்னாச்சு” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை பொருளாளருக்கு வேண்டும். இரண்டாவது, மதிப்பீடு அரசு விலைப்பட்டியல்படி. ஊர்க் கொத்தனார் நாலு லட்சம் என்பதை அது ஆறு லட்சம் என்னும், சில சமயம் தலைகீழாகவும் வரும். கீழே வரும்போது டெண்டர் எடுக்க ஆள் வராது.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். ‘மக்கள் பங்களிப்பு’ என்று பெயர் இருந்தாலும் ஒரே ஒரு பணக்காரர் ஒரே ஒரு காசோலை கொடுத்தாலும் விதி நிறைவேறிவிடும். மூன்றில் ஒரு பங்கு கட்டினவர் பெயர் கல்வெட்டில் ஏறும், ஊரில் ஒருவரும் மண்வெட்டி எடுத்திருக்க மாட்டார்கள். திட்டம் பங்களிப்பைப் பணத்தில் மட்டும் அளக்கிறது. வேலை முடிந்த பிறகு பராமரிப்புக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

## வழி 3: தொண்டு நிறுவனம், கம்பெனி

இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலில் கம்பெனி.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுவரவோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதைத்தான் சி.எஸ்.ஆர். பணம் என்கிறோம். அது நேராக வாட்ஸ்அப் குழுவுக்கு வராது. 2021 ஏப்ரலிலிருந்து பதிவு செய்த அமைப்பு வழியாகத்தான் வரும், அதற்கும் மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும். பல வருஷத் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருஷம்தான் எல்லை. நாலாவது வருஷம் அவர்கள் வேறு மாவட்டத்தில் இருப்பார்கள்.

எங்கள் ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு மையம் இருக்கிறது. நீலநிற ஷெட், சுவரில் சிரிக்கும் குழந்தை படம், ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் குடம் நிறையும் எந்திரம். ஒரு கம்பெனி வைத்துக் கொடுத்தது. திறப்பு விழா அன்று இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். முதல் ஒன்றரை வருஷம் அருமையான தண்ணீர். பிறகு உள்ளே இருக்கும் சவ்வு மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும், நாணயப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. மூன்று பேரிடம் இருந்திருக்கிறது. ஒருவரும் கணக்கு எழுதவில்லை. இப்போது அந்த ஷெட்டில் யாரோ வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். கம்பெனியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். நாங்கள்தான் எந்திரத்தை வாங்கிக்கொண்டு, அதை நடத்தும் சங்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

தொண்டு நிறுவனம் நல்லதாக அமைந்தால் அந்தச் சங்கத்தைத்தான் முதலில் கட்டும். மதுரையில் 1992இலிருந்து வளர்ந்த கண்மாய்த் திட்டம் இதற்கு உதாரணம். பிறகு தானம் அறக்கட்டளை நடத்திவரும் ‘வயலகம்’ சங்கங்கள் அதன் தொடர்ச்சி. பாசனதாரர்களைச் சங்கமாக்கி, அவர்கள் பங்கை வாங்கி, கணக்கை அவர்களையே எழுத வைத்து, அதன் பிறகுதான் கண்மாயில் மண்வெட்டி. பார்க்க மெதுவாக இருக்கும்.

“பாதிப் பணம் அவங்க சம்பளத்துக்கே போயிடும்” என்பது வழக்கமான குற்றச்சாட்டு. சில இடங்களில் உண்மை. ஆனால் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு தெருவிலும் மாறி மாறி உட்கார்ந்து பேசும் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை. அவர்தான் வேலையே. சிமெண்ட் அப்புறம் வருவது. ஊருக்குள் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத நிலை இருந்தால் இந்த வழியை விட்டால் வேறு வழி இல்லை என்றே சொல்வேன்.

## வழி 4: நாமே சங்கம், நாமே எந்திரம்

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப்போட்ட பிறகு, பேராவூரணி இளைஞர்கள் ‘கைஃபா’ என்று சங்கம் அமைத்து அடுத்த வருஷம் பெரியகுளத்தில் இறங்கினார்கள். கொடையாக வந்த பணம், வாடகை எந்திரம், ஊர்க்காரர் உழைப்பு. அதைப் பார்த்து டெல்டாவில் பல குளங்களில் வேலை நடந்தது. வேகத்திலும் சூட்டிலும் இந்த வழியை மற்ற மூன்றும் எட்ட முடியாது. காலையில் முடிவெடுத்துச் சாயங்காலம் எந்திரத்தை இறக்கலாம்.

இறக்கும் முன் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் 4,047 கன மீட்டர் மண். நம் கணக்கில் கிட்டத்தட்ட 1,430 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் ஏறக்குறைய 480 நடை. ஒரே ஒரு ஏக்கருக்கு! கண்மாய் அறுபது ஏக்கர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எட்டு லட்சம் எந்த மூலைக்கு?

இன்னொரு விஷயம், எந்திரம் ஓட்டுகிறவருக்கு ஆழம்தான் பெருமை. மடையின் (தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு) அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணறு ஊறும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. பாசனத்துக்கு வெட்டினோம் என்று சொல்லாதீர்கள். என் கணிப்பில் பெரும்பாலான கண்மாய்களில் முதல் நோய் தூர் இல்லை. வரத்துக்கால் அடைப்பு, உடைந்த மடை, பெயர்ந்த கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்). இந்த மூன்றையும் சரிசெய்தால் தூர் வாராமலேயே முன்பைவிட இரண்டு மாதம் தண்ணீர் நிற்கிற கண்மாய்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இந்த வழியில்தான் கடிக்கும். அனுமதி இல்லாமல் கண்மாய் மண்ணை வெளியே கொண்டுபோனால் அது மண் திருட்டு வழக்கு, உங்கள் நோக்கம் எவ்வளவு புனிதமாக இருந்தாலும். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி, வேலைக்கு நீர்வளத் துறை அல்லது ஒன்றியத்தின் அனுமதி, இரண்டும் எழுத்தில் வேண்டும். சங்கத்தை 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியக் குறைந்தது ஏழு பேர். வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், விட்டால் அபராதம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தில் அனுப்பினால் சிக்கல் இல்லை. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் சங்கம் அதை வாங்கக் கூடாது. “அவரும் நம்ம ஊரு பையன்தானே” என்பது சட்டத்தில் எடுபடாது. குழுவில் அப்படி யார் யார் என்று பொருளாளர் இன்றைக்கே கேட்டுவிடட்டும்.

இதைவிடப் பெரிய செலவு கணக்கில் வராது. ஊர்ச் சங்கம் என்றதும் கை தானாகத் தலைக்கட்டு வரி நோட்டுக்குத்தான் போகும். கோயில் வரி கொடுக்கும் தலைக்கட்டுதான் ஊர் என்று ஆகிவிடும். புருஷன் இல்லாமல் வீடு நடத்தும் பெண்ணுக்கு அதில் அரைத் தலைக்கட்டு, காலனிக்கு இடமே இல்லை. கண்மாய் நிறைந்த பிறகு மீன் ஏலமும் கருவேல மர ஏலமும் வரும். அந்தப் பணத்தில் பங்கு யாருக்கு என்று அன்றைக்குத்தான் கேள்வி வெடிக்கும். நோட்டை முதல் நாளே புதிதாகப் போடுங்கள்: அடுப்பு எரியும் வீடு எல்லாம் ஒரு வரி, ஒரு குரல்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | ஊராட்சி | நமக்கு நாமே | நிறுவனம் / கம்பெனி | ஊர்ச் சங்கம் |
|---|---|---|---|---|
| முடிவில் யார் | வாக்காளர் எல்லாரும் (வந்தால்) | பணம் கட்டியவரும் அதிகாரியும் | நிறுவனம். நல்லதானால் ஊரும் | கூடிப் பேசுகிறவர்கள் |
| 8 லட்சம் என்னாகும் | தொடாமலே வேலை நடக்கலாம் | 16 முதல் 24 லட்சம் வரை | பெரிதாகலாம், பொருளை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் | 8 லட்சமேதான் |
| காலம் | ஒரு வருஷத் திட்டச் சுழற்சி | அனுமதியைப் பொறுத்து | கம்பெனி வேகம், சங்கம் கட்டுவது மெதுவு | சில வாரம் |
| எங்கே கடிக்கும் | தனி அலுவலர் காலம், ஒதுக்கீட்டு விதி | முன்பணம் முடக்கம், மதிப்பீடு | மூன்று வருஷ எல்லை | மண் அனுமதி, வெளிநாட்டுப் பணம் |
| மூன்றாம் வருஷம் | ஊராட்சி ஊழியர் உண்டு | யாரும் இல்லை | சங்கம் இருந்தால் உண்டு | ஆர்வம் இருக்கும்வரை |

## எந்த ஊருக்கு எது?

தலைவர் சரியாக இருந்து, சபையும் உண்மையில் கூடினால் முதல் வழி. சேர்த்த பணத்தைத் தொடவே வேண்டாம். கட்ட வேண்டியது தெளிவான, ஒரே தடவை முடிகிற வேலை (சுற்றுச்சுவர், படித்துறை, மடை) என்றால் இரண்டாவது. ஊர் பிளந்து கிடந்தால் மூன்றாவதில் தொண்டு நிறுவனம்; கம்பெனியை, நடத்தும் ஆள் தயாரான பிறகு மட்டும் கூப்பிடுங்கள். மழைக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, கரை உடையப்போகிறது என்றால் நான்காவது. அப்போது மற்ற மூன்றையும் பேசிக்கொண்டிருப்பது பாவம்.

சிவகங்கைக் குழுவுக்கு நான் சொன்னது ஒரே வழி இல்லை. அவர்களுடையது ஆயக்கட்டு நூறு ஏக்கருக்குக் குறைந்த யூனியன் கண்மாய். காலனிக் குடிநீருக்கு ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம், அக்டோபர் 2 சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள். நாலு லட்சத்தை ‘நமக்கு நாமே’யில் கட்டி, 12 லட்சம் மதிப்பீட்டில் மடை, கலுங்கு, ஊரணிப் படித்துறை. தூர்வாரலை விடுங்கள், வண்டல் வேண்டிய சம்சாரிகள் அனுமதி வாங்கி அவரவர் டிராக்டரில் அள்ளிக்கொள்ளட்டும், குழு விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு லட்சம் வரத்துக்கால் அளவை, பதிவு, கூட்டச் செலவுக்கு. மிச்சம் மூன்று லட்சம் வங்கியில் வைப்பு; அந்த வட்டியில் மடை பார்க்கும் நீர்பாய்ச்சிக்கு ஒரு தொகை. “மூணு லட்சத்த சும்மா பேங்க்ல போடறதா?” என்று சிங்கப்பூர்த் தம்பி ஒருவர் கொதித்தார். எங்கள் ஊர் நீலநிற ஷெட்டின் போட்டோவை அவருக்கு அனுப்பி வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

ஆயிரத்து நானூறு பேர் ஊரில் தீர்மானம் செல்ல நூறு பேர் உட்கார வேண்டும். குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்களே, பஸ் பிடித்து வந்துவிடுவோம் என்றார்கள். அதில் எத்தனை பேருடைய ஓட்டு இன்னும் ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தார்கள், முப்பத்தொன்று. சென்னைக்கும் திருப்பூருக்கும் மாற்றிக்கொண்டவர்கள் வந்து உட்காரலாம், வேடிக்கை பார்க்கலாம், கோரத்தில் சேர மாட்டார்கள். பாக்கி அறுபத்தொன்பது பேர் ஊரில் இருக்கிறவர்கள்தான், காலனியையும் சேர்த்து. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட இந்தக் குழுவிலிருந்து யார் போவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.